ஏஜெண்டின் மூக்கு

எங்கள் ஊர்ப் பண்ணை ஏஜெண்டுக்கு மூக்கு ஒன்றுதான் சொத்து. நெல்லை முகர்ந்தே ஈரம் சொல்லிவிடுவாராம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? ஆனாலும் பண்ணையார் நம்பினார்.

நீடாமங்கலம் பக்கம் நில உச்சவரம்பும் கூலிச் சண்டையும் சூடாயிருந்த காலம் அது. கோட்டையில் ஆட்சி மாறியும் பண்ணையில் மாறவில்லை. சங்கத்தில் சேர்ந்தவர்களை அறுப்பிலிருந்து கழித்துக்கட்ட ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பண்ணைக் குளத்தில் விரால் திருடு போயிற்று. மறுநாள் காலை, குறுவை அறுப்புக்கு வந்த எங்களை ஏஜெண்டு களத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"கையை நீட்டுங்கடா. மீன் கவிச்சி அடிச்சா வேலை கிடையாது."

தூ! இதுவும் ஒரு விசாரணை!

நான் அப்போது கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்த இடத்தில் அறுப்புக்கும் வந்திருந்தேன். அந்த மூக்குக்குத் தெரியாத சங்கதி எனக்குத் தெரியும். கடல் மீனின் உடம்பில், உப்பைச் சமாளிக்க ஒரு பொருள் உண்டு. அதற்கு வாசனையே கிடையாது. மீன் செத்ததும் கிருமிகள் அதைச் சிதைத்து ட்ரைமெத்திலமைன் ஆக்கிவிடும். மூக்கைத் துளைக்கும் கவிச்சி அதுதான். குளத்து மீனில் அந்தப் பொருள் இல்லை என்றே சொல்லலாம். அதில் அடிப்பது சேற்று நுண்ணுயிர்கள் விடும் ஜியோஸ்மின், மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிற அதே வாசனை. வயலில் உழல்கிற எவன் கையில்தான் அது இல்லை?

என் கையை முகர்ந்தார். "மண்ணு. பாருங்கடா, காலேஜு படிக்கிற புள்ள சேத்துல எறங்குது" என்று மெச்சிக்கொண்டார்.

அடுத்து நின்றவள் பக்கத்து வீட்டு அக்கா. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு அந்த அறுப்பு நெல்லையே நம்பியிருந்தவள். ஏஜெண்டு முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, நேத்து சைக்கிள்காரர்கிட்ட வாங்குன மத்திங்க. கடல் மீனுங்க."

"மீனு மீனுதாண்டி. போ அந்தாண்ட."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ படிச்சவன். நீயாவது சொல்லேன்."

சொல்ல இரண்டு நிமிஷம் போதும். ஆனால் சொன்னால், அப்படியானால் குளத்து மீன் தொட்டவன் யார் என்ற கேள்வி வரும். அந்த விராலைப் பிடித்தவன் நான். அரிவாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா வரப்பில் ஏறி நடந்தாள். அந்தப் போகம் அவள் வீட்டுக்கு ஒரு மணி நெல் போகவில்லை.

ஏஜெண்டை நினைத்தால் இன்றும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த மடையனுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. எனக்குத் தெரியும்.