கழுவாவிட்டால் என்ன ஆகும்

அய்யம்மாளின் விரல்கள் முதலில் கொண்டைக்குள் போகும். பிறகு பின்கழுத்து, ரவிக்கைக் கை, இடுப்பு மடிப்பு. கடைசியாகச் சேலைக் கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உருட்டிக்கொண்டே போவாள். தீக்குச்சியோ இரும்பு ஊசியோ உள்ளே போகக் கூடாது. சிவகாசிக்குக் கிழக்கே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில் பெண்களைச் சோதித்து உள்ளே விடுவதுதான் அவள் வேலை.

சோதித்து முடித்தவளை மறுபடியும் கையைப் பிடித்து நிறுத்துவாள். திரும்பவும் கரையை உருட்டுவாள். வரிசை ரோடு வரைக்கும் நீண்டு நிற்கும்.

“ஏத்தா அய்யம்மா, என் கொண்டைக்குள்ள என்ன சரவெடியா முளைச்சிருக்கு? அதையே நோண்டிக்கிட்டு இருக்கே” என்பாள் ராக்காயி. அவள் சரவெடி பின்னுகிறவள்.

“சும்மா பேன் பாத்து விடுதா, பேசாம நில்லு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். வரிசை சிரிக்கும். அய்யம்மாள் சிரிக்கமாட்டாள். சிரித்தால் எந்த இடம் வரை பார்த்தோம் என்பது விட்டுப்போகும்.

அந்த வேலை அவளுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் அவள் மருந்து அறையில் இருந்தாள். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவையை அங்கே மருந்து என்பார்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவ வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் நனைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அய்யம்மாள் தேய்த்துக்கொண்டே நிற்பாள். வேலை முடிந்தபின் தரையைப் பெருக்கிவிட்டு மறுபடியும் பெருக்குவாள். பாதி வழி போனவள் திரும்பி வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பாள்.

போர்மேன் ஊர்க்காவலன் இதைக் கவனித்தார். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒரு கொட்டகை ஆட்களோடு எரிந்து போயிருந்த நேரம் அது. “இம்புட்டுப் பயம் உள்ளவ ஒருத்தி வாசல்ல இருந்தாப் போதும், கம்பெனி தப்பிச்சிரும்” என்று சொல்லி, வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார். வேறு ஊராக இருந்தால் அவள் நடப்பில் ஏதோ கோளாறு என்று ஒரு மாதத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். அங்கே அதற்குப் பொறுப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பொறுப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மகள் பொன்னுத்தங்கம் பிறந்து, மறுபடி வேலைக்குப் போன நாட்களில் அது தொடங்கியது. ஒரு சாயங்காலம் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டியபோது ஒரு நினைப்பு வந்தது. நகக்கண்ணில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். அது பிள்ளை மேல் உதிரும். அடுப்பிலிருந்து ஒரு பொறி தெறிக்கும். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். நினைப்பு அடங்கியது. உட்கார்ந்ததும் திரும்ப வந்தது. இந்த முறை சீயக்காய் போட்டுக் கழுவினாள். கொஞ்ச நாளில் சீயக்காய் போதவில்லை. சலவைச் சோடா வந்தது. சலவைச் சோடா அழுக்கை மட்டும் எடுக்காது, தோலையும் தின்னும்.

கைக்குப் பிறகு சேலை. சேலைக்குப் பிறகு அடுப்பு. அவள் அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். புருஷன் சீனிச்சாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். அவன் கொஞ்ச நாள் மூட்டினான். கொடியில் கிடந்த அவள் சேலையைத் தொட்டுவிட்டான் என்று அதையும் தடுத்தாள். வீட்டில் நெருப்பே இல்லாமல் போயிற்று. அவன் டீக்கடையில் தின்றான். அவளுக்கும் ஏதாவது பொட்டலம் கட்டிக்கொண்டு வருவான். ஆறிப்போன அதை அவள் தனியாக உட்கார்ந்து தின்பாள்.

பால்குடி மறந்த பிள்ளையை என்ன செய்வது? சீனிச்சாமியின் அக்காள் சண்முகத்தாய் மல்லாங்கிணற்றிலிருந்து வந்தாள்.

“பெத்தவ தூக்கமாட்டா, அடுப்பும் பத்தவைக்கமாட்டா. பிள்ளை என்ன காத்தைக் குடிச்சா வளரும்? நான் கொண்டு போறேன் தம்பி. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்.”

அய்யம்மாள் மறிக்கவில்லை. தன் கைக்கு எட்டாத தூரத்தில் பிள்ளை இருந்தால் எரியாது என்று அவளுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னையே வெறுத்தாள். கொஞ்ச நாள் என்பது வருஷக்கணக்கில் ஓடிற்று. சீனிச்சாமி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவான். பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் அவன் வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

தினமும் அவனிடம் கையை நீட்டுவாள். “இதுல ஏதும் ஒட்டியிருக்கா பாருங்க.”

“இல்லத்தா, சுத்தமா இருக்கு.”

அவன் முதுகைத் திருப்பும்வரைதான் அந்தச் சொல் நிற்கும்.

கோடாங்கியிடம் போனார்கள். பக்கத்துக் கம்பெனிக் கொட்டகையில் எரிந்து செத்த பெண் ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்று அவர் உடுக்கடித்துச் சொல்லி, மணிக்கட்டில் கயிறு கட்டினார். அய்யம்மாள் கழுவிய கழுவில் கயிறு இற்று விழுந்தது.

அறுபத்தைந்தாம் வருஷம், தீபாவளி ஆர்டர் நெருக்கிய சீசன். ஒரு சாயங்காலம், காலையில் ராக்காயியின் சேலைக் கரையில் ஒரு முடிச்சு இருந்ததோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது. வேலை முடிந்து எல்லாரும் நல்லபடியாக வீடு திரும்பியாயிற்று. ஆனாலும் கால் நிற்கவில்லை. ராக்காயி வீட்டுக்குப் போனாள். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவளின் சேலைக் கரையைப் பிடித்தாள்.

“என்னடி இது? வீடு தேடி வந்து சோதிக்கே, என்னையத் திருடிங்கியா?”

“இல்ல ராக்காயி. ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுதேன், அம்புட்டுத்தான்.”

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ராக்காயி அவள் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய தன் விரலில் ஈரம் இருந்ததைப் பார்த்தாள். ரத்தம். அய்யம்மாளின் கையை இழுத்து அடுப்பு வெளிச்சத்தில் விரித்தாள். விரலிடுக்கெல்லாம் வெடித்துப் பிளந்திருந்தது.

“இந்தக் கையோடதான் எங்க எல்லாரையும் தடவிக்கிட்டு இருந்தியா?” என்றாள். சத்தம் இறங்கியிருந்தது.

மறுநாள் போர்மேன் அவளை வாசலிலிருந்து எடுத்துவிட்டார். “கையைச் சரிபண்ணிட்டு வா. காகிதக் குழாய் உருட்டுற இடத்துல போடுதேன்.” ஊரில் அவளைப் பாராட்டிய ஒரே இடமும் போயிற்று.

சீனிச்சாமி அவளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். களிம்பு தடவி, இரண்டு கையிலும் கட்டுப் போட்டு, நனைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த முறை வந்தபோது கட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கட்டை அவிழ்த்த நர்ஸ் சொர்ணலட்சுமி திட்டவில்லை. திட்டிப் புண் ஆறியதை யாரும் கண்டதில்லை. அவிழ்த்த துணியைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

டாக்டரம்மா அய்யம்மாளை எதிரே உட்காரவைத்தார். “அரிக்குதா?”

“இல்லீங்கம்மா.”

“பிறகு எதுக்குக் கழுவுறே?”

“சுத்தக்காரிங்கம்மா அவ” என்றான் சீனிச்சாமி.

“நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.” அவன் போனதும் அவர் கேட்டார்: “கழுவாட்டி என்ன ஆகும்?”

ஏன் கழுவுகிறாய் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அய்யம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“மக எரிஞ்சு போயிருவா.”

“மக எங்கே இருக்கா?”

“மல்லாங்கிணத்துல, எங்க மதினி வீட்டுல.”

“உன் கையில இருக்கிற தூள் அங்கே போகுமா?”

“போகாதுங்கம்மா. அது எனக்கே தெரியும். தெரிஞ்சும் நிக்கமாட்டேங்கு.”

“யாரும் காதுல சொல்ற மாதிரி கேக்குதா?”

“இல்லீங்க. வேற யாரும் இல்ல. என் நெனப்புதான்.”

“கழுவினது போதும்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுவே?”

“தெரியாதுங்கம்மா. தண்ணி தீந்தா நிப்பாட்டுவேன்.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு சீனிச்சாமியைக் கூப்பிட்டார். தோல் வியாதி இல்லை, பேயும் இல்லை, புத்தி பேதலிக்கவும் இல்லை என்றார். இதற்கு அப்செஷனல் நியூரோசிஸ் என்று பேர். வேண்டாம் என்றாலும் ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வரும்; அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும். செய்யச் செய்ய அது வளரும். மதுரை பெரியாஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறார், எழுதித் தருகிறேன். மாத்திரை பதற்றத்தைக் குறைக்கும். சந்தேகம் சீக்கிரம் போகாது. முழுசாகப் போகும் என்றும் சொல்ல முடியாது.

“ஒண்ணு மட்டும் நீங்க செய்யணும்” என்றார் அவனிடம். “கை சுத்தமா இருக்கான்னு கேட்டா பதில் சொல்லாதீங்க. நீங்க சொல்லச் சொல்ல அவ மறுபடியும் கேப்பா.”

“பொண்டாட்டி கேட்டா வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமாக்கும். இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?”

“உங்களுக்குத்தான் இது கஷ்டமான வைத்தியம். புண் கொஞ்சம் ஆறினதும் பிள்ளையை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. கழுவாத கையால அவ பிள்ளையைத் தொடட்டும். நான் தள்ளி இருக்கிறதாலதான் பிள்ளை உயிரோட இருக்குன்னு இவ நினைச்சுக்கிட்டு இருக்கா. அது உடையணும்.”

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. சீனிச்சாமி கேட்டான்: “இம்புட்டு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்களும் பிள்ளையோட போயிருவீகன்னு நினைச்சேன்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புண் கொஞ்சம் ஆறிக் கட்டை எடுத்த வாரக் கடைசியில் அவன் மல்லாங்கிணறு போய், இருட்டுமுன் மகளோடு வந்தான். பொன்னுத்தங்கம் துணிப்பையைக் கட்டிப்பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

“கையில என்ன?”

“புண்ணு.”

“தொட்டா எனக்கு ஒட்டிக்கிடுமா?”

அய்யம்மாள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிள்ளை அப்பா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். சீப்பை எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு சீனிச்சாமியிடம் கையை நீட்டினாள்.

“இதுல ஏதும் இருக்கா, பாருங்க.”

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், ரோட்டைப் பார்த்து நின்றான்.

“கேக்கேன்ல” என்றாள். அவன் திரும்பவில்லை. கை சுத்தம் என்று வீட்டில் அவளுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை. பிறகு பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தொட்டு, வகிடு எடுத்து, ஒரு சடை பின்னி முடித்தாள். இரண்டாவது சடையில் கை நின்றுவிட்டது. எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்துதான் பின்னினாள்.

“கழுத்துல தண்ணி ஒழுகுது” என்றது பிள்ளை.

“இருத்தா, முடிச்சிருதேன்.”

பிள்ளையைத் திரும்பக் கொண்டுவிட மல்லாங்கிணறு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. மூவரும் ரோட்டோரம் போய் உட்கார்ந்தார்கள். பிள்ளைக்கு ஒரு பழக்கம் இருந்தது. அய்யம்மாளுக்கு அது தெரியாது. சடை நுனியை வாயில் வைத்துச் சப்பும். கழுவாத கையால் முதலில் பின்னிய சடையைத்தான் எடுத்து வாயில் வைத்தது. அவள் கை அதைப் பிடுங்க எழுந்தது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, பஸ் வரும்வரை, பிள்ளை சப்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.