சுவர் முருகனும் லாரி முருகனும்

இன்று பாம்பூஃப்ளாட் கரைக்குப் போகும் படகில் பெயின்டர் சூசை என் எதிரே உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே கைகள் இல்லாதவர். கால் விரல்களில் தூரிகை பிடித்து, இந்தத் துறைமுகத்தின் பாதிப் படகுகளுக்குப் பெயர் எழுதியவர்.

பக்கத்தில் கோயில் கமிட்டித் தலைவரான கான்ட்ராக்டர். இந்தத் தீவில் குடியேறிய நாங்கள் கட்டும் முதல் கோயிலின் சுவரில் முருகனை வரையச் சூசை ஒரு வருடமாக ஏங்குகிறார்.

“கமிட்டியில வேணாங்கிறாங்க சூசை. சாமி மேல கால் படுதே.”

“வாயில பிடிச்சு வரையறேன், அண்ணாச்சி.”

“எச்சிலாயிடும்.”

“அப்ப மூக்குதான் பாக்கி. அதுக்கு முருகனோட அண்ணன்தான் வரணும்.”

கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை. “அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட்ல இருந்து வரைய ஆள் வர்றான். பேச்சு கதம்.”

கரையில் அவருடைய லாரி காத்திருந்தது. போன வாரம் புரோத்ராபூரில் பழையதாக வாங்கியது. அதன் நெற்றியில் மயிலோடு முருகன். கான்ட்ராக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகளைக் கூப்பித் தூக்கினார்.

“அந்த மயில் கழுத்துக்கு இன்னொரு கோட் நீலம் அடிச்சிருக்கணும், அண்ணாச்சி. பழைய ஓனர் அவசரப்படுத்திட்டாரு,” என்றார் சூசை.

கூப்பிய கைகள் நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டன. ஏற்றுவதா இறக்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

கைகள் இருந்தால் இப்படியும் ஒரு தொல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?