என் நம்பர், மச்சான் பெயரில்

போன வாரம் என்னை அழைத்து அழைத்து அலுத்துப்போனவர்களுக்கு ஒரு விளக்கம். நான் சாகவில்லை. வெளிநாடும் போகவில்லை. புதுப் போன் வாங்கினேன்... அவ்வளவுதான்.

பழைய போனின் பேட்டரி வீங்கிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. புதுசை விற்ற ஹட்டன் கடைக்காரர், "இ-சிம் தானே சேர், அஞ்சு நிமிஷ வேல. பழசுல அழிச்சிட்டு புதுசுல ஏத்திக்குங்க" என்றார். நான் சொன்னதைச் செய்கிற ஆள். வீட்டுக்கு வந்ததும் முதல் பாதியைச் செய்தேன். அழித்தேன்.

இரண்டாம் பாதிதான் நடக்கவில்லை. முன்பு இ-சிம்முக்கு மாறியபோது கிடைத்து நான் பத்திரமாக வைத்திருந்த கியூஆர் கோட் ஒரு தடவைக்குத்தானாம். புதிதாக வேண்டுமென்றால் ஓடிபி அனுப்புவார்களாம். எந்த நம்பருக்கு? நான் அழித்த அதே நம்பருக்கு.

முன்பெல்லாம் ஊசியால் குத்தி சிம்மை வெளியே எடுத்து, அடுத்த போனில் போட்டால் முடிந்தது. இப்போது கண்ணால் பார்த்தே இராத ஒன்றைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். புதுப் போனில் படம் அருமையாக விழுகிறது. பேசத்தான் முடியவில்லை.

பத்து வருட நம்பர் அது. வங்கி, கொழும்பில் வேலை செய்யும் மகள், திட்டுவதற்கென்றே ஞாயிறு காலையில் அழைக்கும் வாசகர்கள் — எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். பதறிப்போய் போன் கம்பெனியின் கிளைக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள்.

"சேர், இந்த நம்பர் உங்க பேர்ல இல்லையே."

அப்போதுதான் உறைத்தது. அந்த நம்பரை எடுத்த காலத்தில் என் அடையாள அட்டை மழையில் நனைந்து கிழிந்துபோய், புதியதற்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் இதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. அட்டை உள்ள ஒருவர் பெயரில் லய வரிசையில் பாதி வீடுகள் போன் பேசும். எனக்குத் தன் அட்டையைக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன், லிந்துலை மச்சான்.

"அவங்க நேர்ல வரணும் சேர்" என்றாள் அந்தப் பெண்.

வருவாரா? மச்சான் என்னோடு பேசி இரண்டு வருடமாகிறது. காரணம், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திதான். கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் சாமி ஊர்வலம் முடிந்து வந்தாலும் விடாத "ஓர் உறவினர்" பற்றி எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். மச்சானுக்கும் இருக்கிறது.

மனைவி தன் போனில் அண்ணனின் நம்பரை அழுத்தி என் கையில் திணித்தாள். "நீங்களே பேசுங்க. நானா எழுதுனேன்?"

விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்கு வாறேன்" என்று வைத்துவிட்டார்.

வந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை. என்னைத் தாண்டிப்போய்க் கவுன்டரில் உட்கார்ந்தார். எனக்கு நாற்காலி இல்லை.

"இந்த நம்பர்ல இருந்து அடிக்கடி கோல் எடுக்கிற நம்பர் ரெண்டு சொல்லுங்க சேர்."

முதலாவதாகத் தங்கச்சியின் நம்பரைச் சொன்னார். இரண்டாவதற்கு யோசித்தார். "என் நம்பரச் சொல்லலாம்... ஆனா அதுக்குக் கோல் வந்து ரெண்டு வருஷமாச்சு" என்றார், கியூவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. எனக்கு வெட்கமாக இருந்தது. மகளின் நம்பரை நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்தது. என் புதுப் போனில் சிக்னல் வந்தது. "இவரு பேருக்கே மாத்திடவா சேர்? ஒரு கையெழுத்துத்தான்" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வேணாம். என் பேரு அதுலயாச்சும் இருக்கட்டும்."

ஒரு கையெழுத்துப் போட்டு அந்த நம்பரை எப்போதோ நிறுத்தியிருக்கலாம் இந்த மனிதர். இரண்டு வருடக் கோபத்திலும் அவருக்கு அது தோன்றவில்லை. எனக்கென்றால் தோன்றியிருக்கும்.

எதிரே இருந்த கடையில் பிளேன்டீ குடிக்கும்போது மன்னிப்புக் கேட்டேன். "நான் அப்படிக் கிண்டலா எழுதியிருக்கக் கூடாது மச்சான்."

"கிண்டலுக்கு யாரு கோவிச்சா மாப்ள? பேர ஏன் போடல? றொசல்லயில இருக்கிற நம்ம சித்தப்பா, அது தன்னைப் பத்தித்தான் எழுதுனதுன்னு பேப்பர வெட்டி கண்ணாடி போட்டு மாட்டியிருக்காரு. போறவன் வாறவன் எல்லாத்துக்கும் காட்டுறாரு."

இரண்டு வருடம் பேசாமல் இருந்தது இதற்குத்தானா? இதற்குத்தான்.

ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிடுகிறேன். மைக்கை விடாத அந்த மனிதர், லிந்துலை செல்லமுத்து. வேறு எவரும் அல்ல.

இனி றொசல்லச் சித்தப்பா என்னோடு பேசமாட்டார். நல்லவேளை, அவர் பெயரில் என்னிடம் எந்த நம்பரும் இல்லை.