அறுபத்திரண்டு ஏக்கரும் அஞ்சு பேர் குரூப்பும்

நெலம் விக்கற வேலைன்னு வெளிய சொல்லிக்குவோம், நெசத்துல இது நெலத்த காட்டற வேலைங்க. விக்கறது எப்பயாவது ஒரு நாள் நடக்கும்னு கேள்வி. காட்டறது ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நடக்கும். மீதி ஆறு நாளும் எவனாவது வர்றானான்னு பாதைய பாத்துனு உக்காந்திருக்கணும். கடையில உக்காந்து கஸ்டமருக்கு காத்துனு இருந்தவங்களுக்கு இந்த வலி புரியும். ஆனா உங்க கடைக்கு எதிர்ல இன்னொரு கடையாவது இருந்திருக்கும். எனக்கு எதிர்ல கரடி.

வாயிக்கு ஏத்த வேல

மெக்கானிக்கல் ரெண்டு வருஷம் படிச்சேன், மூணாவது வருஷம் காலேஜுக்கு என்ன தாங்கல. அப்பறம் ஒடுகத்தூர்ல செல்போன் கட, ஆம்பூர்ல கூரியர், பெங்களூர்ல டெலிவரி. எங்கயும் ஆறு மாசம் தாண்டல. உக்காந்த எடத்துல உக்கார மாட்டேன், உக்காந்தாலும் வாயி உக்காராது. எங்க தெருவுல ஏழுமலை அண்ணன்னு ஒரு நெல புரோக்கர். இவன் வாயிக்கு மலையவே வித்துடுவான்னு சொல்லி, ஜவ்வாது மலையில அறுபத்திரண்டு ஏக்கர காட்டற வேலைய எனக்கு குடுத்தாரு.

ஜமுனாமரத்தூர் பஸ்ல ஏறி, பாதி மலையில எறங்கி, மண்ணு பாதையில ரெண்டு கிலோமீட்டர் நடந்தா ஒரு தகர ஷெட்டு வரும். அதான் என் வூடு, ஆபீஸு எல்லாம். கரண்ட்டு இல்ல, போர் இல்ல, வேலி பாதி தான் கீது. புளியமரம், பாறை, உண்ணிச்செடி, பின்னாடி ஒரு குட்டை. வேலூர்ல இருக்கற பங்காளிங்க ஏழு பேருக்கு பொதுவான பட்டா நெலம், அதுல ஒருத்தரும் இத நேர்ல பாத்ததில்ல. டவுன்காரங்க லீவு நாள்ல வந்து தங்கிட்டு போற மாதிரி ஃபார்ம் ஹவுஸுக்கு தள்ளி வுட்டுடலாம்னு அவங்க யோசனை. பேசறதுக்குன்னே ஒருத்தன வேலைக்கு எடுத்து, பேச ஆளே இல்லாத எடத்துல கொண்டு போய் உக்கார வெச்சது உலகத்துலயே எங்க ஏழுமலை அண்ணனா தான் இருக்கும்.

சண்ட போட அங்க ஆளு இல்ல, அதனால ஒன்றரை வருஷம் தாக்கு புடிச்சிட்டேன். மொத மொதல்ல மலைக்கு கெளம்பற அன்னிக்கு எங்க நைனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு. அழுவாருன்னு நெனச்சேன். பைய எங்கையில குடுத்துட்டு சொன்னாரு: "மேல போயி கொஞ்ச நாளு இருடா. கீழ எங்க காது ஆறட்டும்."

யோசிக்க வந்தவங்க

ஒரு ஞாயித்துக்கெழம வாணியம்பாடியில இருந்து மூணு வண்டி வந்துச்சி. பெரியவங்க, கொழந்தைங்கன்னு பதினாலு பேரு. நான் சட்டைய இழுத்து வுட்டுனு பட்டா நகல எடுத்துனு ஓடறேன், அவங்க டிக்கிய தொறந்து பிரியாணி தேக்சாவ எறக்கறாங்க. கத்திரிக்கா தொக்கு தனியா, தயிரு வெங்காயம் தனியா. அப்பறம் பாயி, ஷட்டில் பேட்டு, ஊஞ்சல் கட்ட கயிறு. நெலம் வாங்க வர்றவன் கயிறு கொண்டாந்தா அளக்கறதுக்குன்னு நெனச்சிருந்தேன்.

குடும்பத்துக்கு தலவரு ஒரு பாய், ரொம்ப தங்கமான மனுஷன். எல்லை கல்லு எங்கன்னு கேட்டாரு, காட்டினேன். அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்கல. எனக்கு லெக் பீஸா வெச்சி வெச்சி போட்டாங்க. பசங்களுக்கு கரடி கத சொன்னேன், அதுங்க சிரிச்ச சிரிப்பு பாறையில பட்டு திரும்பி வந்துச்சி. ஏமாத்திட்டாங்களேன்னு கோவம் வரணும் இல்ல? வரல. சாயங்காலம் தேக்சாவ கழுவி நானே டிக்கியில வெச்சேன். வண்டி எடுக்கறப்ப பாய் கண்ணாடிய எறக்கி சொன்னாரு: "நெலம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எதுக்கும் அடுத்த மாசம் இன்னொரு வாட்டி யோசிக்க வர்றோம்."

மீனு கம்ப்ளெயின்ட்டு

மார்கழியில வந்தாங்க அந்த அஞ்சு பேரு. வேலூர்ல ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க, இப்ப ஆளுக்கொரு ஊரு. சேந்து ஒரு எடம் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எல்லாத்துக்கும் முன்னாடி நின்னவரு பிரகாஷ் சார், ஐடி கம்பெனி. இம்ரான் அண்ணன் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில குவாலிட்டி பாக்கறவரு. கவிதாக்கா ஆஸ்பத்திரியில நர்ஸு. மத்த ரெண்டு பேரு புருஷன் பொண்டாட்டி, அவங்க நெலத்த விட ஒருத்தர ஒருத்தர் தான் அதிகமா போட்டோ எடுத்துக்கினாங்க.

மழ முடிஞ்ச நேரம், குட்டை நெரம்பி இருந்துச்சி. தண்ணி வருஷம் பூரா இருக்குமான்னு கவிதாக்கா கேட்டாங்க. அத கேட்டா ஆமான்னு சொல்லணும்னு ஏழுமலை அண்ணன் உத்தரவு. போன கோடையில அதே குட்டையில செருப்பு போட்டுனு நடந்தவன் நான். வாயி சும்மா இருந்துச்சா? "அக்கா, தண்ணி பஞ்சம்னா மீனு தான் மொத கம்ப்ளெயின்ட் குடுக்கும். இதுவரைக்கும் ஒண்ணும் வரல," அப்டின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. வருஷம் பூரா இருக்கும்க்கான்னு அப்பறம் தெளிவா வேற சொன்னேன்.

கெளம்பறப்ப கவிதாக்கா ஷெட்டுக்குள்ள எட்டி பாத்தாங்க. ஒரு பாயி, ஒரு அடுப்பு, ஒரு தட்டு. எத்தினி பேர் இருக்கீங்கன்னு கேட்டாங்க, நான் மட்டும் தான்னேன். அப்பறம் அவங்க சொன்ன வார்த்தைய வெச்சினு தான் அஞ்சு மாசம் ஓட்டினேன்: "நாங்க வாங்கினா நீ எங்கயும் போவாத. எங்களோடயே இரு."

நம்ம மலை

லொகேஷன் அனுப்பறதுக்காக பிரகாஷ் சார் லிங்க் குடுத்து என்ன அவங்க வாட்ஸாப் குரூப்ல சேத்தாரு. பேரு "நம்ம மலை". லொகேஷன் அனுப்பினேன், பட்டா நகல் அனுப்பினேன். வேலை முடிஞ்சிது. எடுத்துடுவாருன்னு பாத்தேன், மறந்துட்டாரு.

நெலத்துல ஒரே ஒரு பாறையில தான் சிக்னல் வரும். காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி ஏறி உக்காந்துக்குவேன். அவங்க எடத்த வாங்கலாமா வேணாமான்னு அலசுவாங்க. ரோடு போட முடியுமா, பன்னி வருமா, கூடாரம் போதுமா, வூடு கட்டணுமா. நடுவுல இம்ரான் அண்ணன் பொண்ணுக்கு ஜுரம் வரும், எறங்கும். பிரகாஷ் சார் அவரு மேனேஜர திட்டுவாரு. கவிதாக்கா நைட் டூட்டி முடிச்சிட்டு காலையில வணக்கம் போடுவாங்க. அந்த வணக்கத்துக்காகவே நான் சீக்கிரம் எழுந்துக்குவேன்.

நான் ஒரு எழுத்து போடல. போட்டா, அட இவன் இன்னும் உள்ள இருக்கானான்னு தூக்கிடுவாங்க. பத்து நிமிஷம் சும்மா இருக்க தெரியாதவன், அஞ்சு மாசம் ஊமையா இருந்தேன். இம்ரான் அண்ணன் பாப்பா பொறந்தநாளுக்கு எல்லாரும் வாழ்த்து போட்டாங்க. நானும் டைப் பண்ணேன், கேக்கு பொம்ம வெச்சேன், அழிச்சிட்டேன். பரிசா குதிரை தான் வேணும்னு பாப்பா அடம் புடிச்சிருக்கு, அன்னிக்கு சாயங்காலம் இம்ரான் அண்ணன் போட்டது இது: "குதிரை கட்ட ஒரு எடம் பாத்து வைங்கப்பா, நெலத்த அப்பறம் வாங்கிக்கலாம்."

குதிரைக்கு எடம்

பாத்தேன். கெழக்கு பக்கம் பெரிய புளியமரத்தடி, நல்ல நெழலு, சமமான தரை. ஆனா முழுக்க உண்ணிச்செடி. நாலு நாளு கத்தி புடிச்சி வெட்டினேன், கை ரெண்டும் கிழிஞ்சி போச்சி. இன்னும் வாங்காத நெலத்துல, இன்னும் வாங்காத குதிரைக்கு.

அஞ்சாவது நாள் ஏழுமலை அண்ணன் அரிசி பருப்பு கொண்டாந்தாரு. வெட்டின எடத்த பாத்துட்டு யாரு சொல்லி செஞ்சன்னு கேட்டாரு. பார்ட்டி கேட்டாங்கணான்னேன். அவரு அரிசி மூட்டைய எறக்கி வெச்சிட்டு, திட்டறதா கூட இல்லாம, புரியாம கேட்டாரு: "உங்கிட்ட எந்த பார்ட்டிடா பேசினாங்க?"

ஓட்டு

சித்திர கடைசியில குட்டை வத்திடுச்சி. மொதல்ல சேறு, அப்பறம் வெடிப்பு. பஸ் நிக்கற எடத்துல இருக்கற ஊர்ல தான் கொழா. காலையில ரெண்டு கேனு தூக்கினு ரெண்டு கிலோமீட்டர் ஏறி வருவேன். ஆடி முடியற வரைக்கும் எந்த பார்ட்டியையும் குட்டை பக்கம் கூப்டாதன்னு அண்ணன் சொல்லி இருந்தாரு.

அந்த நேரம் பாத்து பிரகாஷ் சார் குரூப்ல ஓட்டெடுப்பு வெச்சாரு. வாங்கலாமா, வேணாமா. நாலு பேரு வாங்கலாம்னு போட்டுட்டாங்க. ஓட்டு போட எனக்கும் பட்டன் இருந்துச்சி. வெரல அது மேல கொண்டு போய் கொண்டு போய் எடுத்தேன். இவங்க வாங்கிட்டா வூடு வரும், வெளக்கு வரும், அந்த பாப்பா வரும், நாலு பேரு சத்தம் வரும். நான் இங்கயே இருப்பேன்.

கவிதாக்கா மட்டும் ஓட்டு போடல. நீளமா எழுதினாங்க. நீங்கல்லாம் லீவுக்கு வர்றவங்க, நான் ஆஸ்பத்திரி வேலைய எழுதி குடுத்துட்டு அம்மாவ கூட்டினு அங்கயே வந்துடலாம்னு இருக்கேன், கோடையில தண்ணி நெசமா இருக்குமா, யாராவது போய் பாத்தீங்களான்னு. அந்த நெலத்துல இருக்கற பையன் இருக்கும்னு சொன்னானேன்னு பிரகாஷ் சார் போட்டாரு. அந்த பையன் பாறை மேல உக்காந்து இத படிச்சினு இருக்கான். அதுக்கு கவிதாக்கா பதிலு: "ஆமால்ல, அங்கயே இருக்கறவன். அவனுக்கு தெரியாததா."

நீல டிக்கு

மறுநாள் காலையில கேனு ரெண்டையும் எறக்கி வெச்சிட்டு பாறைக்கு போனேன். மொதல்ல ஒரு ஜோக்கு தான் வந்துச்சி, மீனு கம்ப்ளெயின்ட் குடுத்துடுச்சிக்கான்னு. டைப் பண்ணி பாத்தேன், நல்லா இல்ல, அழிச்சேன். வாழ்க்கையில ஜோக்க நானே அழிச்சது அன்னிக்கு தான். அப்பறம் வெடிச்ச குட்டைய ஒரு போட்டோ போட்டு, கீழ எழுதினேன்: "அக்கா, தண்ணி இல்ல. நான் ஊர்ல இருந்து கேன்ல தூக்கினு வர்றேன். போன வருஷமும் இப்டி தான். அன்னிக்கு நான் சொன்னது பொய்."

டிக்கு நீலம் ஆச்சி. அஞ்சு பேரும் படிச்சிட்டாங்கன்னு அர்த்தம். வெயிலு ஏறினு இருக்கு, பாறை சுடுது, நான் எழுந்துக்கல. என் நம்பர ஒருத்தரும் சேவ் பண்ணி வெச்சிக்கல போல. ரொம்ப நேரம் கழிச்சி பிரகாஷ் சார் போட்டாரு: "யாருங்க இது?"

அண்ணன் வந்தாரு

நான்தான் சார், நெலம் காட்டற பையன்னு சொன்னேன். அப்பறம் குரூப்ல சத்தம் இல்ல, ஆனா ஏழுமலை அண்ணன் போன்ல நெறைய சத்தம் கேட்டிருக்கும் போல. அன்னிக்கு மத்தியானமே வண்டிய போட்டுனு வந்தாரு. ரெண்டு வருஷமா இந்த நெலத்துக்காக ஏறி எறங்கற மனுஷன், பாவம், மூஞ்சி தொங்கி போச்சி. வேலைய வுட்டு தூக்கிடுவாருன்னு துணிய மடிச்சி வெச்சிருந்தேன். தூக்கல. உன் எடத்துக்கு இங்க வந்து இருக்க எவன்டா வருவான்னு அவரே சொல்லிட்டாரு.

நான் கொண்டாந்த தண்ணியில ஒரு சொம்பு குடிச்சாரு. குடிச்சிட்டு, சொம்பையே பாத்துனு சொன்னாரு: "அஞ்சு மாசம் வாய மூடினு இருந்தியே, இன்னும் ரெண்டு நாளு இருந்திருக்கக் கூடாதாடா?"

லெஃப்ட்டு

அடுத்த நாள்ல இருந்து ஒவ்வொருத்தரா குரூப்ப வுட்டு போனாங்க. மொதல்ல அந்த புருஷன் பொண்டாட்டி, ஒரே நிமிஷத்துல ரெண்டு பேரும். ரெண்டு நாள் கழிச்சி பிரகாஷ் சார். எங்க வூட்டு விஷயமெல்லாம் இத்தினி நாளா படிச்சினு இருந்தியான்னு கேட்டுட்டு போனாரு. நியாயமான கேள்வி. இம்ரான் அண்ணன் ஒண்ணும் கேக்கல, சிரிக்கற பொம்ம ஒண்ணு போட்டுட்டு போனாரு. புளியமரத்தடிய வெட்டி வெச்சிருக்கேன்னு அவருக்கு சொல்லணும்னு இருந்துச்சி. சொல்லல.

கவிதாக்காவும் நானும் மட்டும் மூணு நாளு இருந்தோம். ஒரு சாயங்காலம் அவங்க பேருக்கு கீழ டைப்பிங்னு வந்துச்சி. நின்னுச்சி. மறுபடி வந்துச்சி. எவ்ளோ பெருசா திட்ட போறாங்களோன்னு பாறையில நிமுந்து உக்காந்தேன். வந்தது ஒரே ஒரு வரி, அதோட அவங்களும் லெஃப்ட்டு: "வெயில்ல தூக்காத, விடியக்காலம் போய் எடுத்துனு வந்துடு."

எல்லாரும் போய்ட்டா மிச்சம் இருக்கறவன வாட்ஸாப்பு தானாவே அட்மின் ஆக்கிடுமாம், ஆக இந்த தொழில்ல ஒன்றரை வருஷத்துல ஒரு சென்ட்டு விக்காதவன் இப்ப அறுபத்திரண்டு ஏக்கருக்கு வாட்ச்மேனு, "நம்ம மலை"க்கு அட்மினு, என்ன எடுக்கறதுக்கு தான் உள்ள ஆளு இல்ல.