ஸ்பிட்ஃபயர் வாங்கி வந்த பரமேசக்கா

மெல்பர்னின் டண்டினொங் சந்தையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பரமேசக்காவின் மகள் தர்ஷினி பேசினாள்.

"அன்ரி, அம்மா காலமை மோசம் போயிட்டா. நித்திரையிலயே..." அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள். "ஃபியூனரல்ல நீங்கதான் பேசோணும் எண்டு சொல்லி வச்சவ. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா நிப்பாட்டவும் சொன்னவ."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடைக்காரர் பயந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஐந்து நிமிடம் என்று அக்கா வரம்பு கட்டியதுதான் வேடிக்கை. ரோவில் என்ற பக்கத்து ஊரில் நடந்த நம் மூத்தோர் சந்திப்புக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். "நான் பராமரித்த ஒரு ஜெர்மன் விமானி" என்று பேச அக்காவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் நாற்பது நிமிடம் பேசினார். கட்லட் ஆறுகிறது என்று தலைவர் மணியை அடித்துவிட்டார். வாசிக்கக் கொண்டுவந்த நோட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தை அக்கா அன்று வாசிக்கவே இல்லை. நீங்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். அந்தக் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

நான் நாகர்கோவிலில் இருந்து வந்த நர்ஸ். டண்டினொங் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், அங்கே பல வருடங்களாகப் பராமரிப்பாளராக இருந்த பரமேசக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்தார். "பிள்ளை, இஞ்ச எல்லாரும் அங்கிள், அன்ரி. பேர் மறந்தாலும் பிழைச்சுக்கொள்ளலாம்." அப்படித்தான் இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படையில் சண்டை விமானம் ஓட்டிய கார்லும் எங்களுக்குக் கார்ல் அங்கிள் ஆனார்.

போருக்குப் பிறகு மெல்பர்ன் வந்து கார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். தினமும் காலையில் அக்கா அவருக்கு முகம் வழிப்பார். ஒரு சவரத்துக்கு ஒரு கதை என்பது இருவருக்கும் ஒப்பந்தம். தேநீர் இடைவேளையில் அக்கா அதை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தமிழில் எழுதிவிட்டு எனக்கும் சொல்வார். அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அக்கா வாயால் கேட்டுக் கேட்டு, என் நினைவில் கார்ல் அங்கிள் இன்றைக்கும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அதை மாற்ற எனக்கு மனமில்லை.

ஒரு கதை இது. பிரான்ஸ் கரையோரத்தில் ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் ஒன்று அவருடைய விமானத்தைச் சல்லடையாக்கிவிட்டது. சக்கரத்தை இறக்க முடியாமல், ஒரு தோட்டத்தில் வயிற்றால் உழுதுகொண்டு போய் நின்றார். தோட்டக்காரி மண்வெட்டியோடு வந்தாள். "உயிர் தப்பினியோ எண்டு ஒரு சொல் கேக்கேல்லை. உருளைக்கிழங்கு எல்லாம் போச்சு எண்டு கத்தினவள். லொறி வருமட்டும் குனிஞ்சு கிழங்கு பொறுக்கினனான்." அதனால்தானோ என்னவோ, மதியச் சாப்பாட்டில் மசித்த உருளைக்கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொன்று சாட்சிக் கதை. எதிரியை வீழ்த்திவிட்டேன் என்று விமானி வந்து சொன்னால் போதாதாம். கூடப் பறந்தவனோ தரையில் நின்றவனோ, நான் பார்த்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கார்ல் அங்கிளுக்கு நான்கு விமானங்களுக்குச் சாட்சி இருந்தது. ஐந்தாவது மேகத்துக்குள் விழுந்தது, யாரும் பார்க்கவில்லை. எழுபது வருடங்களுக்கு மேலாகியும் அந்த ஐந்தாவதுக்காகப் பொருமிக்கொண்டிருந்தார். அக்கா மனமிரங்கி, "நான் அஞ்சு எண்டே எழுதிவிடுறன்," என்றார். "நீ எப்பிடி எழுதுவாய்? நீ பாத்தனியோ?" என்று கார்ல் அங்கிள் கோபித்துக்கொண்டார். கொப்பியில் நான்குதான் இருக்கிறது.

அவருடைய தொண்ணூற்றைந்தாவது பிறந்தநாளுக்கு அக்கா பழைய சாமான் கடை ஒன்றில் தேடி ஒரு பொம்மை விமானம் வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்ததும் கிழவர் பல்செட்டு கழலும்வரை சிரித்தார். அக்கா வாங்கி வந்திருந்தது ஸ்பிட்ஃபயர்!

"பரமேஸ், இவனெல்லோ என்னை விழுத்தினவன்!"

"எனக்கென்ன தெரியும்? எங்களுக்குப் பிளேன் எண்டால் சத்தம்தான் தெரியும். வடிவத்தைப் பாக்க ஆர் வெளியில நிண்டது?"

கிழவரின் சிரிப்பு நின்றது. "சத்தம் எப்பிடி?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த காலத்தில், பதுங்குகுழியான பங்கருக்குள் குந்தியிருந்து காதால் படித்த மூன்று விமானங்களை அக்கா வாயாலேயே ஓட்டிக் காட்டினார். சாப்பாட்டுக் கூடமே கைதட்டியது. எப்போதும் சோற்றுப்பானையோடுதான் பங்கருக்கு ஓடுவாராம். "செத்தாலும் பசியோட சாகக் கூடாது," என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். கார்ல் அங்கிள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஸ்பிட்ஃபயரைத் தன் ஜன்னலில், கட்டிலைப் பார்த்தபடி வைக்கச் சொன்னார். எதிரியை முதுகுக்குப் பின்னால் விடக் கூடாதாம்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை. நான் மாத்திரை வண்டியோடு அவர் அறைக்குள் போனேன். ஒரு கன்னம் வழித்தாயிற்று, மறுகன்னத்தில் நுரை. அக்கா சாதாரணமாகத்தான் கேட்டார். அதைக் கேட்க அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"அங்கிள், மேலயிருந்து பாத்தா கீழ நிக்கிற சனம் தெரியுமோ?"

"உயரத்தில தெரியாது."

"பதிஞ்சு பறக்கேக்க?"

கிழவர் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். வடிவாத் தெரியும். சண்டை முடியிற நேரம், கிழக்கில ஒரு றோட்டு. லொறியளைச் சுடச் சொன்னவங்கள். லொறியளுக்கு நடுவில வண்டிலுகள், சனம். ஒரு மனிசி பெரிய பானையைத் தலையில கவிட்டுக்கொண்டு ஓடினவ. கண்டனான். கண்டும் விசையை அமத்தினனான். இதுக்கும் சாட்சி இல்லை."

அக்கா சவரக்கத்தியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கிழவரிடம் மாத்திரையைக் கொடுத்தேன், அவரும் விழுங்கினார். பிறகு அக்காவைத் தேடிப் போனேன். துணி அறையில், ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகளை உதறி உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். 

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க. மிச்சத்தை நான் முடிச்சிடறேன்," என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. பாதி முகத்தோட ஆரையும் விடக் கூடாது."

திரும்பிப் போனார். நுரை காய்ந்திருந்தது. புதிதாகக் குழைத்துப் பூசினார். தொண்டைக்குழியில் கத்தியை வைத்தபோது நான் மாத்திரை வண்டியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கீறல்கூட விழவில்லை. துடைத்துவிட்டபோது கார்ல் அங்கிள், "இதையும் எழுதுவியோ?" என்றார். "எழுதுவன்," என்றார் அக்கா. அதுதான் கடைசிப் பக்கம்.

"மன்னிச்சிட்டீங்களாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "நான் ஆர் மன்னிக்கிறதுக்கு? அந்தப் பானை மனிசியெல்லோ மன்னிக்கோணும். நான் ஷேவ் எடுக்கிற ஆள்," என்றார்.

கார்ல் அங்கிள் இறந்ததும், அவருடைய மகள் செத்தவீட்டில் சொல்லச் சிரிப்புக் கதைகள் சில கேட்டார். அக்கா அவரை உட்கார வைத்துக் கொப்பி முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில்தானே இருக்கிறது, கடைசிப் பக்கத்தை விட்டிருக்கலாமே என்றேன். "ஒளிக்கிறதுக்கோ எழுதினது?" என்று என்மேல் பாய்ந்தார். அந்த மகள் நெடுநேரம் அழுதுவிட்டு, அப்பா சொன்னதென்றால் அப்படியே இருக்கட்டும் என்றார். போகும்போது ஸ்பிட்ஃபயரை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கொப்பியையும் ஸ்பிட்ஃபயரையும் தர்ஷினி இப்போது என்னிடம் தந்திருக்கிறாள். பொம்மையின் ஒரு இறக்கை ஆடுகிறது, ஒட்ட வேண்டும்.

அக்காவின் செத்தவீடு முடிந்த மறுநாள் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை. புதிதாக வந்த ஒரு அங்கிளுக்கு நானே முகம் வழித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் என் கையைத் தட்டிவிட்டு, உன் ஊருக்கே போய்த் தொலை என்றார். பதினொரு வருட வேலை, இத்தனை நாள் அழுகை, எல்லாவற்றுக்கும் மேல் இது. கத்தியை வைத்துவிட்டுத் துணி அறைக்குப் போனேன். நான்கு துண்டுகளை உதறி மடித்தேன். திரும்பி வந்து, புதிதாக நுரை குழைத்து, மறுகன்னத்தையும் வழித்துவிட்டேன்.

பார்த்தவர்கள் யாரும் இல்லை, அக்கா. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.