நேய்கோ குனிந்தே கழித்த வசந்தம்

டானியூப் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் நேய்கோவுக்கு அழுமூஞ்சி என்று பெயர். பொய்யில்லை. மாவு மில்லில் மூட்டையோடு விழுந்து முதுகை ஒடித்துக்கொண்டபோது அழுதான். மில்லை இழுத்து மூடியபோது அழுதான். மகள் இஸ்க்ராவுக்குச் சடை பின்ன வரவில்லை என்றுகூட அழுதான். அவன் மனைவி ஸ்தாம்கா நேர்மாறு. அவள் கண்ணில் ஒரு சொட்டு பார்த்தவர் கிடையாது. இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அவள் கிளம்பியது மார்ச் முதல் தேதி. அன்றைக்கு ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் கட்டுவதுபோல, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை அவன் மணிக்கட்டில் கட்டினாள். முதல் நாரையைப் பார்த்ததும் அதை அவிழ்த்து, பூத்த மரத்தில் கட்டிவிட வேண்டும். அவன் பேருந்து வாசலிலேயே விசும்பிக்கொண்டிருந்தான்.

"மூக்கைத் துடை முதல்ல. நீ இதை அவிழ்க்கறதுக்குள்ள வந்து நிப்பேன்."

வழியனுப்பப் பக்கத்தில் நின்ற எனக்கு எரிச்சல். மார்ச் முடிவதற்குள் நாரை வந்துவிடும், வேலையோ வருஷக்கணக்கு. சொன்ன அவளுக்கே அது தெரியும். கேட்டவன் நம்பித் தொலைத்தான்.

நாரை வந்தது. அதுவும் எங்கே? அவன் வீட்டு வாசல் மின்கம்பத்திலிருந்த பழைய கூட்டிலேயே ஜோடியாக இறங்கியது. அன்றிலிருந்து நேய்கோ தலையை நிமிர்த்தவில்லை. தரையைப் பார்த்தபடி ரொட்டிக்கடைக்குப் போனான், தரையைப் பார்த்தபடி மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டான். கண்ணால் பார்க்காதவரை அவிழ்க்க வேண்டாமே!

மதுக்கடை வாசலில் இருப்பவர்கள் விடுவார்களா?

"என்ன நேய்கோ, கீழே எதையாவது தொலைச்சுட்டியா?"

"பொண்டாட்டியத்தான்!" என்றான் இன்னொருவன்.

நேய்கோ குனிந்தபடியே சிரித்துவிட்டுப் போவான். வீட்டிலோ அவள் நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டான்.

ஞாயிறுதோறும் அவள் போன் செய்வாள். திராட்சைப் பந்தலின் கீழே நின்று ஸ்பீக்கரில்தான் பேசுவான்; வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு வார்த்தை தப்பாது.

"நாரை வந்துடுச்சா?"

"இன்னும் வரலை."

மே மாதம் குஞ்சு பொரித்தாயிற்று. அப்போதும் "இன்னும் வரலை"தான். ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் வேலியைச் சுற்றிக்கொண்டு போய்ப் போனைப் பிடுங்கினேன்.

"ஸ்தாம்கா, நான் பக்கத்து வீட்டு டோன்கா. குனிஞ்சு குனிஞ்சு உன் புருஷனுக்குக் கழுத்தே கோணிக்கிச்சு. நீயாவது புத்தி சொல்லு."

நேய்கோ நூலை மற்றக் கையால் மூடிக்கொண்டான்.

"அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நாரை வந்துடுச்சா?"

அந்த நேரம் பார்த்தா கம்பத்தின் மேல் அவை அலகு தட்ட வேண்டும்! கட்டையால் கட்டையை அடிக்கிற மாதிரி சத்தம், முற்றமே அதிர்ந்தது. குஞ்சுகள் வேறு சேர்ந்துகொண்டன. இத்தாலிவரை கேட்டிருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வரலைடி" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஸ்தாம்கா அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வர வேணாம்க்கா. நான் வர்ற வரைக்கும் வராமலே இருக்கட்டும்."