பேர் பதிந்த இடம்

சென்ற மாதம் இறந்துபோன காளியாயி, பதினெட்டு வயதில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பேர் பதிந்தவர். தோட்டத்து இடாப்பில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், பேர் ஏறிவிட்டால் அப்புறம் கொழுந்துக் கூடைதான். அதைத்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் 'பேர் பதியுறது' என்பார்கள். மகள் தனுஜாவின் பேர் அங்கே ஏறவே கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். உயர்தரப் பரீட்சை முடித்த மகளுக்கு முதல் பட்டியலில் பல்கலைக்கழக இடம் கிடைக்காதபோது, அவரே அவளைக் கொழும்புத் துணிக்கடை ஒன்றில் வேலைக்கு அனுப்பினார். மூன்று வருடங்களுக்கு முந்திய கதை இது.

தோட்டத்தில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில்தான் அரசாங்கம் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கியிருந்தது. அது வந்த பிறகுதான் பஸ் லயம்வரை ஏறியது. ஆனாலும் லயத்தார் வாயில் அது இன்னும் 'பெக்டரி'தான்.

அதனால் வந்த வினை. ஒருநாள் தனுஜா பேருக்குக் கடிதம் வந்தது. உறையில் அனுப்பிய முகவரியாகத் தோட்டத்தின் பேர். காளியாயி எழுத்துக்கூட்டினார்: 'பெயரைப் பதிவு செய்ய...' மகளையும் கொழுந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அதற்குமேல் வாசிக்கவில்லை. துணிப்பெட்டிக்கடியில் செருகிவிட்டார். கணவர் செல்லசாமியிடமும் மூச்சுவிடவில்லை.

பத்து நாள் கழித்துப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஆண்டு விழா. குடிதண்ணீரைச் சோதித்துச் சொல்வார்களாம் என்று கேள்விப்பட்டு, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார். லயத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். முன்பு கொழுந்து எடைபோட்ட இடத்தில் மேசை போட்டு, நிஷாந்தி என்ற மாணவி உட்கார்ந்திருந்தாள்.

"பேரச் சொல்லுங்கம்மா, பதிஞ்சுக்கிறேன்."

"எம்பேரு பதிஞ்சு முப்பது வருஷமாச்சு. வேற ஆளப் பாரு புள்ள."

நிஷாந்தி சிரித்துவிட்டாள். "அந்தப் பதிவு இல்லம்மா. நானும் டயகம தோட்டந்தான். என்னையும் இங்க பதிஞ்சாங்க. படிக்கத்தான் சொல்றாங்க, கொழுந்து கிள்ளச் சொல்லல."

காளியாயி போத்தலை மேசைமேல் வைத்தார்.

"அப்ப, பேரப் பதிய வரச் சொல்லிக் கடுதாசி வந்தா?"

"இடம் கெடச்சிருச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது பட்டியல் இப்பத்தான் விட்டாங்க. யாருக்கு வந்துச்சு?"

லயத்துக்குப் படியேறி ஓடிய காளியாயி, கடிதத்தோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். நிஷாந்தி திகதியைப் பார்த்தாள். "நாளைக்குப் பகல் பன்னெண்டோட முடியுதும்மா."

அங்கே நின்றபடியே போனில் மகளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இந்த நேரத்துல? அப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"அவருக்கு ஒன்னுமில்ல. ஒனக்குக் கெம்பஸ் கெடச்சிருக்கு. கடுதாசி வந்து பத்து நாளாச்சு. நாந்தான் ஒளிச்சு வச்சேன்."

"மொதலாளிகிட்ட என்ன சொல்ல?"

"அம்மாவுக்குப் புத்தி பெரண்டுருச்சுன்னு சொல்லு. பொய்யில்லையே."

மறுநாள் பதினொன்றரைக்கு தனுஜா பஸ்ஸை விட்டு இறங்கினாள். மண்சரிவால் வழியில் தாமதம். தாயின் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காளியாயி கேற்றடியில் நின்றார். காவலாளி கதிரை கொடுத்தும் உட்காரவில்லை.

பன்னிரண்டரைக்கு மேல்தான் தனுஜா வெளியே வந்தாள். கையில் அவள் பேரும் மாணவர் இலக்கமும் எழுதிய ஒரு புதுக் கோப்பு.

"பசிக்குதும்மா," என்றாள்.